ஐந்து பிள்ளைக்கு ஓர் ஆயா

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. அந்தப் பக்கத்தில் ‘ஆயா’ என்றால் பாட்டி. அம்மாவைப் பெற்றவளும் ஆயா, அப்பாவைப் பெற்றவளும் ஆயா. தெருவில் போகிற முகம் தெரியாத கிழவியைக் கூப்பிடுவதற்கும் அதே சொல்தான். சென்னைக்கு வந்தால் ஆயா என்பவர் சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கும் பெண். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆயா, ஆஸ்பத்திரியில் ஓர் ஆயா, பால்வாடியில் ஓர் ஆயா.

இரண்டுக்கும் ஒலி ஒன்று, வேர் வேறு. பாட்டியைக் குறிக்கும் ஆயா நம் பழைய ‘ஆய்’ என்ற தாய்ச் சொல்லின் வழி வந்தது. சம்பள ஆயா போர்த்துக்கீசியர் கொண்டுவந்த ‘அயா’. பிள்ளை வளர்க்கும் தாதி என்று பொருள். பரங்கிப்பேட்டை வரை வந்து கடை விரித்தவர்கள் அவர்கள். பிறகு வெள்ளைக்காரத் துரைமார் வீடுகள் வழியாக அந்தச் சொல் இந்தியா முழுக்கப் பரவியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர்த்துக்கீசிய ‘அயா’வுக்கு வேர் லத்தீனில் பாட்டியைக் குறிக்கும் ‘அவியா’ என்கின்றன அகராதிகள். எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு பாட்டி வந்து நிற்கிறாள்.

பல வீட்டுப் பிள்ளைகளை ஒருத்தி பார்த்துக்கொண்ட வரலாறு இந்த இரண்டு ஆயாக்களுக்கும் இடையில்தான் நடந்திருக்கிறது. பாட்டி என்று வைத்துக்கொண்டால் அவளுக்குக் கூலி கேட்க வாய் வராது. வேலைக்காரி என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு கூலி, யார் தருவது, லீவு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள் வரும். முதலாளியும் அரசும் வீட்டுக்காரரும் எந்த ஆயா வசதியோ அந்த ஆயாவையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஐந்து தாயும் ஒரு பிள்ளையும்

நம் பழைய இலக்கியத்தில் பிள்ளை வளர்ப்பவளுக்குப் பஞ்சமே இல்லை. பாராட்டும் தாய், ஊட்டும் தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் என்று ஐவகைத் தாயரைக் கணக்குச் சொல்வார்கள். அகப்பாடல்களில் நற்றாய்க்கு இணையாகப் பேசுகிறவள் செவிலி. மகள் காதலனோடு போய்விட்டாள் என்றால் தேடிக்கொண்டு காட்டுக்குப் போகிறவளும் அவள்தான். ஆனால் அது செல்வர் வீட்டுக் கணக்கு. ஒரு பிள்ளைக்கு ஐந்து பெண்கள்.

வயலில் வேலை செய்தவள் வீட்டில் கணக்கு தலைகீழ். நடவுக்கோ களை எடுக்கவோ மல்லாட்டை பிடுங்கவோ போகிறவள் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள். வரப்போரத்து வேப்பமரத்தில் பழைய புடவையில் தூளி கட்டுவாள். ஆட்டிவிட யாராவது வேண்டும். கிழவி இருந்தால் கிழவி. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கிழவியும் நடவுக்குப் போனவளாகத்தான் இருப்பாள். அப்படியானால் மிச்சம் இருப்பது எட்டு வயதோ பத்து வயதோ ஆன மூத்த பெண். இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு நிற்கும் அந்தச் சிறுமிதான் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதிக காலம் வேலை பார்த்த ஆயா. அவளுக்குக் கூலி இல்லை. அவள் கொடுத்த விலை பள்ளிக்கூடம்.

‘அந்தக் காலத்துல ஊரே சேர்ந்து புள்ள வளத்துச்சு’ என்று நம்மில் பலர் பேசுகிறோம். ஊரில் யார் என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவள் பெரும்பாலும் படிப்பை விட்ட ஒரு சிறுமி.

நகரத்து ஆலைகளில் அந்தச் சிறுமிகூட இல்லை. கிராமத்தை விட்டு வந்த குடும்பம், ஒற்றை அறை, இரண்டு பேருக்கும் ஷிப்ட். பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் கைக்குழந்தைக்கு அபின் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள் என்பதை 1920களின் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தாய்மார் கல் நெஞ்சுக்காரர்கள் இல்லை. பிள்ளை பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அபின் ஆயா வேலை பார்த்தது.

ஆயாக் கொட்டகை

பல வீட்டுக்கு ஒரு ஆயா என்பதைத் தமிழர்கள் முதன்முதலில் பெரிய அளவில் பார்த்தது ஊரில் இல்லை, கடல் கடந்து போன இடத்தில்.

தென்னார்க்காடு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறினால் பினாங்கு. 1926-இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ கப்பலின் பெயர் இன்றும் பல குடும்பங்களின் பேச்சில் உண்டு. தொடக்கத்தில் போனவர்களில் ஆண்களே அதிகம். ரப்பர் பெருகப் பெருகத் தோட்டங்களுக்குக் குடும்பமாக ஆள் வேண்டியிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பேரும் மரம் வெட்டினால்தான் அந்தக் கூலியில் அடுப்பு எரியும்.

ரப்பர் மரத்தில் பால் விடியலில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு பெரட்டு. ஆள்கணக்கு எடுக்கும் அந்தப் பெரட்டுக்கு வராதவருக்கு அன்றைய பெயர் இல்லை, கூலி இல்லை. இருட்டில் தூங்குகிற பிள்ளையை என்ன செய்வது? ஊரில் என்றால் மாமியார், நாத்தனார் என்று யாராவது இருப்பார்கள். லயத்தில் உறவெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். இந்த இடத்தில்தான் ‘ஆயாக் கொட்டகை’ வந்தது. லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் தூளிகள், ஒன்றோ இரண்டோ ஆயா. பெரும்பாலும் மரம் வெட்டப் போகமுடியாமல் உடம்பு விட்டுப்போன வயதான பெண். விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்து பிள்ளையை விட்டுவிட்டுப் போன தாய் பால் நிறுத்துக் கொடுத்த பிறகுதான் திரும்பி வருவாள். கூட்டு மலாய் நாடுகளில் 1923-இல் வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பு, காப்பகத்தையும் பள்ளிக்கூடத்தையும் தோட்ட முதலாளியின் பொறுப்புகளில் சேர்த்தது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இதற்குப் பெயர் பிள்ளை மடுவம்.

துரைக்கு இதில் என்ன லாபம் என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 1920களின் கடைசியில் மலாயாவில் நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஓர் ஆயா பத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் பத்துப் பெண்கள் வெட்டுக்கு வருகிறார்கள். பத்துப் பேருக்கும் சேர்த்துக் கூலி நாளுக்கு 4 வெள்ளி. அவர்கள் எடுத்துவரும் பாலின் மதிப்பு அதைவிட மிக அதிகம், இல்லையென்றால் தோட்டமே நடக்காது. நடுவில் நிற்பது ஒரு கிழவியின் கூலி. அவள் இல்லாவிட்டால் பத்து நிரை மரம் வெட்டப்படாமல் கிடக்கும். துரை கொட்டகை போட்டுக் கொடுத்ததை இரக்கம் என்று மட்டும் சொல்ல முடியாது. பட்டறைக்கும் எடைமேடைக்கும் செலவு செய்த அதே காரணத்துக்காகத்தான் இதற்கும் செலவு செய்தார்.

ஆனாலும் ஆயாக் கொட்டகையை வெறும் முதலாளித் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. மலேசியத் தமிழர்களின் நினைவுகளில் அது அவ்வளவு அழுத்தமாக இருக்கிறது. தோட்டத்தில் பிறந்த பலருக்கு முதல் ஞாபகமே அந்தக் கொட்டகைதான். இந்த ஊர், அந்த ஊர், இந்தச் சாதி, அந்தச் சாதி என்று தனித்தனிக் கங்காணிகளின் கீழ் வந்தவர்களின் பிள்ளைகள் அடுத்தடுத்த தூளியில் தூங்கின. தொட்டால் தீட்டு என்ற பேச்சை ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள்கூட, விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த ஒரே கிழவியின் கையில்தான் பிள்ளையைக் கொடுக்க வேண்டியிருந்தது. சாதி அதனால் ஒழிந்துவிடவில்லை. கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் அது திரும்பி வந்தது. பகலில் கொஞ்ச நேரம் அதற்கு வேலை இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

1938-இல் இந்திய அரசு உதவியுடன் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தமிழர்கள் நகரத்து விளிம்புகளுக்கு நகர்ந்தார்கள். அங்கே சம்பளம் கூடியிருக்கலாம். ஆனால் பெரட்டுக்குப் போகும் வழியில் பிள்ளையை விட ஒரு கொட்டகை இல்லை.

சட்டத்தில் ஓர் எண்

சுதந்திர இந்தியா இந்த அனுபவத்தைச் சட்டமாக எழுதியது. எழுதியபோது ஒவ்வொரு சட்டத்திலும் ஓர் எண்ணை வைத்தது.

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. பிள்ளை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணே அதைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியது. 1976 திருத்தத்தில் 50 என்பது 30 ஆயிற்று. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் என்று தொடங்கியது. 1981-இல் அதோடு இன்னொரு வழியையும் சேர்த்தது. பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தாலும் காப்பகம் உண்டு என்றது. ஒப்பந்தக்காரர் வழியாக வந்த பெண்களும் கணக்கில் வந்தார்கள். வால்பாறையிலும் நீலகிரியிலும் இது நடைமுறைக்கு வந்தது. கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996-இல் வந்த சட்டம் மறுபடி 50-க்குப் போய்விட்டது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். நிரலில் ‘இத்தனைக்கு மேல் இருந்தால்’ என்று ஒரு நிபந்தனை எழுதினால், அந்த எல்லைக்கு ஒன்று கீழே என்ன நடக்கும் என்று சோதிப்பது எங்கள் பழக்கம். 30-க்கு மேல் என்று இருந்தபோது 30 பெண்கள் வேலை செய்த இடத்தில் சட்டம் பேசவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை சின்னச் சின்னக் கொட்டகைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் நடக்கிறது. ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொத்துவிடும். அந்தக் கறுத்த கையோடு பிள்ளையைத் தூக்கக்கூட முடியாது. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கூட்டினால் பத்துப் பேர், பதினைந்து பேர். எந்த எண்ணுக்கும் அவர்கள் எட்டுவதில்லை.

இந்த இடைவெளியை 1969-இல் டெல்லியில் மீரா மகாதேவன் நேரில் பார்த்தார். ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. மண்ணிலும் ஜல்லியிலும் கிடந்த கைக்குழந்தைகளுக்காக ஒரு கூடாரம் போட்டார். அதுதான் ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பின் தொடக்கம். கட்டடம் முடிந்தால் தாய்மார் வேறு இடம் போவார்கள், ஆயாவும் கூடவே போக வேண்டும் என்பது அதன் எளிய யோசனை.

அதே ஆண்டுகளில் பள்ளிக்கு முந்தைய பருவத்துப் பிள்ளைகளைப் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் மீனா சுவாமிநாதன். அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. நாம் அங்கன்வாடி என்பது அதைத்தான். தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்து சோறு போட்டது. அதன் பலனை எடையிலும் உயரத்திலும் அளந்து சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. மூன்று வயதுத் தம்பி பகலில் பால்வாடியில் இருந்தான் என்றால், இடுப்பில் அவனைச் சுமந்துகொண்டிருந்த அக்கா பள்ளிக்கூடம் போகலாம்.

அங்கன்வாடியிலும் இரண்டு குறைகள் மிஞ்சின. ஒன்று, கைப்பிள்ளைக்கு அங்கே இடமில்லை. சத்துமாவு கிடைக்கும், தடுப்பூசிக்குப் பெயர் எழுதுவார்கள், ஆனால் எட்டு மாதப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. தாய்க்கு மிகவும் கஷ்டமான அந்த இரண்டு வருடம் வெற்றிடமாகவே இருக்கிறது. இரண்டாவது, அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்குத் தருவதற்குப் பெயரே சம்பளம் இல்லை, மதிப்பூதியம். சேவைக்குத் தரும் மரியாதை என்று அர்த்தம். அவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம், அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. நடுவில் பதினைந்து வருடத்துக்கும் மேல் போய்விட்டது. பாட்டி ஆயாவா, சம்பள ஆயாவா என்ற பழைய குழப்பம் உச்ச நீதிமன்றம் வரை போய் வந்திருக்கிறது.

மூன்று வீட்டு ஆயா

இப்போது எங்கள் தொழிலுக்கு வருகிறேன். 2017 மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. இதில் ஒரு நல்ல மாற்றம் உண்டு. இந்த 50 பெண்களின் எண்ணிக்கை இல்லை, மொத்த ஊழியர்களின் எண்ணிக்கை. பிள்ளை என்பது பெண்ணின் கணக்கில் மட்டும் ஏறும் சுமை இல்லை என்று சட்டம் கொஞ்சம் ஒத்துக்கொண்டது. தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக வைத்துக்கொள்ளவும் வழியுண்டு.

நடப்பு வேறு. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் மூன்று வீடுகள் சேர்ந்து ஓர் ஆயாவை வைத்துக்கொள்வது இப்போது சகஜம். காலை எட்டரைக்கு ஏதாவது ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளையும் சேர்த்து விடுவார்கள். வீடு வாரம் ஒருமுறை மாறும். பாலும் டயப்பரும் அவரவர் பொறுப்பு. சம்பளம் மூன்றாகப் பிரியும். அதற்கு ஒரு செயலியோ கூகுள் ஷீட்டோ இருக்கும். ஒரு பிள்ளை மாமியார் ஊருக்குப் போய்விட்டால் பங்கு எப்படி, மூக்கு ஒழுகும் பிள்ளையை விடலாமா, கண்ணாடித் தம்ளர் உடைந்தால் யார் தலையில் என்றெல்லாம் வாட்ஸப் குழுவில் நுணுக்கமான விவாதங்கள் நடக்கும். அப்படி ஒரு விவாதம் முடிந்த சாயங்காலம் எங்கள் தளத்து ஆயா கேட்டதை நான் கூட இருந்து கேட்டேன். “மூணு வூட்ல ஒரு வூடு ஊருக்குப் போச்சுன்னா எனக்கு ரெண்டு பங்குதானா? நான் அன்னிக்கு முழுசாத்தானே வரேன்?”

தோட்டத்துத் துரைக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. பிள்ளை பத்தோ எட்டோ, ஆயா ஒரு நாள் வந்தால் பெரட்டில் அவளுக்கு ஒரு பெயர் விழும். நாங்கள் மூன்று முதலாளிகள். சேர்ந்தால் ஒரு முதலாளிக்குரிய பொறுப்பு வரவேண்டும், ஆனால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு பொறுப்புதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-இல் நலவாரியம் அமைந்தது. 2018-இல் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பும் வந்தது. எங்கள் ஷீட்டில் அந்த இரண்டுக்கும் பத்தி இல்லை.

வேப்பமரத்தடி

மங்கலம்பேட்டைப் பக்கத்துக்கே திரும்புகிறேன். 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் முதல் கட்டமாக 200 மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டின் ஆறு மாவட்டங்கள் அதில் இருந்தன. கடலூரும் விழுப்புரமும் அந்த ஆறில் இரண்டு. மங்கலம்பேட்டை பேரூராட்சி என்பதால் ஊருக்குள் அது வரவில்லை, சுற்றியுள்ள ஊராட்சிகளில் வந்தது. ஏரி தூர்வாருவதும் வாய்க்கால் வெட்டுவதும் ‘நூறு நாள் வேலை’ ஆயின. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள்.

அந்த 2005 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒரு விதி எழுதினார்கள். பணியிடத்துக்கு வரும் பெண்களுடன் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அந்தப் பெண்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்க அமர்த்த வேண்டும். அவருக்கு மற்றவர்களைப் போலவே கூலி தர வேண்டும்.

இதுவரை பார்த்த எண்களோடு இதை வைத்துப் பாருங்கள். 50 இல்லை, 30 இல்லை, 20 இல்லை. ஐந்து. அதுவும் தாய்மாரை எண்ணவில்லை, பிள்ளைகளை எண்ணுகிறது. தனிக் கட்டடம் கேட்கவில்லை, வேப்பமர நிழல் போதும். எல்லாவற்றையும்விடப் பெரிது, மண்வெட்டுபவளுக்கும் பிள்ளை பார்ப்பவளுக்கும் ஒரே கூலி. மதிப்பூதியம் என்ற பேச்சே இல்லை.

எழுதியது நடந்ததா? 2007-இல் விழுப்புரம் மாவட்டத்தில் சமூகத் தணிக்கை நடந்தபோது பொருளியலாளர் சுதா நாராயணன் பணியிடத்துத் தாய்மாரிடம் பேசினார். அந்தக் கட்டுரை மறு ஆண்டு ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’யில் வந்தது. பணியிடங்களில் காப்பக ஏற்பாடு பெரும்பாலும் இல்லை என்பதுதான் அதன் சாரம். பிள்ளைகளை வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டு மனசு அங்கேயே கிடக்க வேலை செய்தார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதே என்று சொல்லிவிட்டால் ஐந்து என்ற எண்ணே வராது. எல்லைக்கு ஒன்று கீழே நிறுத்தும் வித்தை ஆலை முதலாளிக்கு மட்டும் தெரிந்ததில்லை.

ஆயா அமர்ந்த இடங்களிலும் ஒரு முணுமுணுப்பு கேட்கும். கூலி பல நேரம் வெட்டிய மண்ணின் அளவை வைத்துத்தான் வரும். பத்துப் பேர் குழுவில் ஒருத்தி மரத்தடியில் இருந்தால் அளவு குறையும். “நாங்க வெயில்ல மண்ணு வெட்டறோம், அவ நெழல்ல குந்திக்கினு அதே கூலி வாங்கறா.” கேட்க நியாயம்போலத்தான் இருக்கும். ஆனால் மரத்தடியில் அவள் இல்லாவிட்டால் மண்வெட்டியைப் பிடிக்க அந்த ஐந்து தாய்மாரில் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பதை அளவுநாடா சொல்லாது. வெட்டிய குழியின் நீளம், அகலம், ஆழத்தைத்தான் அது சொல்லும். மலாயாத் துரைக்குத் தெரிந்திருந்த கணக்கு இது. கொட்டகைக் கிழவியின் கூலி மற்ற பத்துப் பேர் எடுத்த பாலுக்குள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் கொட்டகை போட்டார். தெரிந்தும் அவளுக்கு வெட்டுக்காரியின் இடத்தைத் தரவில்லை. 2005 சட்டம் அந்த இடத்தை எழுத்தில் தந்தது.

மூன்று வீட்டுக்காரர்கள் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆயாவின் சம்பளத்தை எப்படிப் பிரிப்பது என்று யோசிக்கும்போது, ஏரிக்கரையில் வேலை செய்த பெண்களுக்காக எழுதிய இந்த ஒற்றை விதியைத்தான் நான் படித்துப் பார்க்கச் சொல்வேன். அதில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆயா வேண்டுமா என்று முடிவு செய்யத்தான் வருகிறது. அவள் கூலியை எத்தனையாகப் பிரிப்பது என்பதற்கு இல்லை. அவள் வந்த நாள் முழு நாள்.